வயதான குதிரையின் கருவை வேறொரு குதிரை சுமக்குமா?

கேள்வி இதுதான். வள்ளியூர்ப் பக்கம் ஒருவரிடம் 17 வயது மார்வாரிப் பெட்டை இருக்கிறது. மூன்று குட்டி போட்டது. பின்னங்கால் மூட்டில் அடிபட்டதிலிருந்து, இனிமேல் சினைப் பாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மாட்டுக்குச் செய்வதுபோல ஊசி போட்டு ஏழெட்டுக் கரு எடுத்து, வீட்டில் நிற்கும் இரண்டு மட்டக்குதிரைகளில் வைத்தால் குட்டி கிடைக்குமா, எத்தனை நாள் ஆகும், எங்கே பிசகும் என்று கேட்கிறார்.

கிடைக்கும் அண்ணாச்சி. ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு இடத்தில் மாட்டுக் கணக்கு புகுந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் இறங்கினால் பணமும் போகும், ஒரு வருஷமும் போகும்.

முதலாவது, அந்த ஏழெட்டுக் கரு. பசுவுக்கு நாலு நாள் எஃப்.எஸ்.எச். என்ற முட்டை வளர்க்கும் ஹார்மோன் ஊசி போட்டால் பல முட்டைகள் ஒன்றாக முதிரும். பசுவின் சூலகத்தில் மேற்பரப்பின் எந்த இடத்திலிருந்தும் முட்டை வெளியே வரலாம். குதிரைச் சூலகமோ சட்டையை உள்வெளியாகப் புரட்டிப் போட்ட மாதிரி. முட்டைகள் உள்ளே, சுற்றிலும் தடித்த உறை, வெளியே வர ஒரே ஒரு பள்ளம்தான் வாசல். பத்து ஃபாலிக்கிளை (முட்டை வளரும் நீர்ப்பை) வளர்த்தாலும் எல்லாம் அந்த ஒரு வாசலில்தான் நெருக்க வேண்டும். போதாததற்கு, மாட்டுக்குப் போடும் எஃப்.எஸ்.எச். பன்றியிலிருந்தோ செம்மறியாட்டிலிருந்தோ எடுப்பது. குதிரைச் சூலகம் அதற்கு அவ்வளவாக மசியாது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு முட்டை, எப்போதாவது இரண்டு. சுற்று என்பது 21, 22 நாள். இதை மனதில் எழுதி வைத்துக்கொண்டு மற்றக் கணக்கைப் போடுங்கள்.

இரண்டாவது, மட்டக்குதிரை. கரு யாருடையதாக இருந்தாலும், அதற்குச் சோறு போடுவது சுமக்கிறவளின் கருப்பை. இதை 1938இலேயே கேம்பிரிட்ஜில் வால்டனும் ஹாமண்டும் காட்டிவிட்டார்கள். பெரிய ஷையர் இனத்தையும் குட்டை ஷெட்லாண்டு இனத்தையும் இரண்டு பக்கமும் மாற்றிக் கலந்தபோது, கலப்பு ஒன்றாக இருந்தும் ஷெட்லாண்டு வயிற்றில் வளர்ந்தது சின்னக் குட்டியாகவும் ஷையர் வயிற்றில் வளர்ந்தது பெரிய குட்டியாகவும் பிறந்தன. நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ள எவ்வளவு இடம் கிடைக்கிறதோ, குட்டி அந்த அளவுக்குத்தான் வளரும். உங்கள் மட்டக்குதிரைகள் மார்வாரிப் பெட்டையைவிட ஒரு சாண் குட்டை என்றால், குட்டி செத்துப் பிறக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இனத்துக்குரிய எடையும் எலும்பும் பிறக்கும்போதே குறையும், அப்புறம் முழுசாக ஈடுகட்டுவது கஷ்டம். சுமக்கிற குதிரை கொடுக்கிற குதிரையின் அளவாவது இருக்க வேண்டும். இனம் எதுவானாலும் சரி. பால் நிறையத் தருகிற, சாதுவான, ஒன்றிரண்டு குட்டியைச் சிக்கலில்லாமல் போட்ட, 4 வயதிலிருந்து 10 வயதுக்குள் உள்ள நாட்டுப் பெட்டை போதும்.

குதிரையில் கரு மாற்றம் புதிய வித்தையும் அல்ல. ஜப்பானில் ஒகுரி, சுட்சுமி என்ற இருவர் அறுவை இல்லாமல் கருவை மாற்றிய வேலை 1974இல் வெளிவந்தது. நம் நாட்டில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் மார்வாரிக் கருவை ஏழரை நாளில் எடுத்து வேறு பெட்டையில் வைத்து, 2023 மே மாதம் 23 கிலோ எடையில் ஒரு குட்டி பிறந்தது. ராஜ்பிரதம் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் குதிரையின் இனமேதான் அது.

இனிச் சாத்தியக் கணக்கு. நல்ல இளம் பெட்டை, புதிய விந்து என்றால் இரண்டு தடவை கருப்பையைக் கழுவித் தேடினால் ஒரு கருவாவது கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 17 வயதுப் பெட்டைக்கு, அதுவும் உறைவிந்து என்றால், மூன்று நான்கு தடவைக்கு ஒன்று. கிடைத்த கரு கைதேர்ந்தவர் வைத்தால் பத்தில் ஏழு ஒட்டும். ஒட்டியதில் பத்தில் ஒன்றாவது 60 நாளைக்குள் கரையும். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: உங்கள் விஷயத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு குட்டி என்பது ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே தடவையில் முடியும் என்று யாராவது ஆசை காட்டினால், காசை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கைந்து சுற்றுக்குத் தயாராக இருங்கள்.

வயதுதான் பெரிய எதிரி, கால் அல்ல. பெட்டை பிறக்கும்போதே முட்டைகள் எல்லாம் சூலகத்தில் இருக்கின்றன. 17 வருஷம் காத்திருந்த முட்டை அது. கருப்பை கெட்டுப்போனதால்தான் சினை நிற்கவில்லை என்றால் கரு மாற்றம் கைகொடுக்கும். முட்டையே தேய்ந்திருந்தால் எத்தனை நல்ல கருப்பையில் வைத்தாலும் பாதியில் கரையும். அதனால் செலவு தொடங்கும் முன் பெட்டையின் கருப்பையையும் சூலகத்தையும் ஸ்கேனில் பாருங்கள், கருப்பைத் திரவத்தை எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்புங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு இந்த முதல் படியைத் தொடங்கலாம். கருப்பையில் நீர் தேங்கி நின்றால் அதைச் சரிசெய்யாமல் கருவைத் தேடுவது வீண்.

அடுத்தது நாள் கணக்கு. இந்த வேலை முழுவதும் ஒரு தேதியில் தொங்குகிறது: முட்டை வெளிவந்த நாள். அது பூஜ்ய நாள். பெட்டை வாலைத் தூக்கியது, ஆண் குதிரையைப் பார்த்துச் சிறுநீர் விட்டது என்பதை வைத்து இந்த நாளைப் பிடிக்க முடியாது. பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீளும், முட்டை கடைசி ஒன்றிரண்டு நாளில்தான் வரும். ஆகவே ஆசனவாய் வழியாக ஸ்கேன், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். ஃபாலிக்கிள் 35 மி.மீ. தாண்டி, கருப்பைச் சுவர் நீர்கோத்து, திரையில் குறுக்கே வெட்டிய ஆரஞ்சுச் சுளை மாதிரித் தெரியும்போது முட்டையை வெளிவரச் செய்யும் எச்.சி.ஜி. ஹார்மோன் 1,500 முதல் 2,500 யூனிட் வரை ரத்தக்குழாயில் போடுவார்கள். ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வரும். ஒரே பருவகாலத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு அதற்கு எதிர்ப்பு உண்டாக்கிக்கொண்டு ஊசி மந்தமாகிவிடும். நான்கைந்து சுற்று ஓட்டப் போகிற உங்களுக்கு இது முக்கியம். அதே வேலையைச் செய்யும் டெஸ்லோரெலின் கிடைத்தால் சுற்றுக்குச் சுற்று மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

ஆசனவாய்ப் பரிசோதனையில் ஓர் எச்சரிக்கை. மாட்டைப் பார்த்துப் பழகிய கை குதிரையின் மலக்குடலைக் கிழித்துவிடும். கிழிந்தால் பல நேரம் குதிரை பிழைக்காது. முரண்டு பிடிக்கிற குதிரையை மூக்குக் கயிறு, மயக்க ஊசி, நல்ல மரச் சட்டம் எதுவும் இல்லாமல் யாரையும் பார்க்க விடாதீர்கள்.

விந்து போடும் முறையும் வேறு. பசுவுக்கு ஆசனவாய் வழியாகக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு ‘துப்பாக்கி’ எனப்படும் விந்துக் குழலைச் செலுத்துவார்கள். குதிரைக்குப் பருவத்தில் கருப்பை வாய் தளர்ந்து விரல் போகும் அளவுக்குத் திறந்திருக்கும். கையுறை போட்ட கையைப் பிறப்புறுப்பு வழியாகவே கொண்டுபோய், ஆட்காட்டி விரலை வாயில் வைத்து, அதன் ஓரமாகக் குழாயை உள்ளே தள்ள வேண்டும். புதிய விந்து என்றால் நன்றாக நீந்தும் விந்தணு 50 கோடி. உறைவிந்து என்றால் 25 கோடியிலிருந்து, முட்டை வெளிவருவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்போ வந்த 6 மணி நேரத்துக்குள்ளோ. அதாவது ராத்திரி இரண்டு மணிக்கும் ஸ்கேன் பார்க்க ஆள் வேண்டும். 5 டிகிரியில் குளிர வைத்த விந்தை வெளியூரிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் பெட்டியை வெயிலில் விடாமல் வாங்கி, 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. வாகைக்குளம் விமான நிலையத்திலோ மதுரையிலோ ஆள் நிறுத்தி வாங்குங்கள். பார்சல் ஆபீஸில் மத்தியானம் முழுக்கக் கிடந்த பெட்டிக்குள் 5 டிகிரி இருக்காது.

கரு கருப்பைக்கு வரும் கதை குதிரைக்கே உரியது. கருத்தரித்த முட்டை கருக்குழாயில் ஐந்தரை, ஆறு நாள் தங்கும். பிறகு தானே புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் சுரந்து குழாயின் கதவைத் தளர்த்தி உள்ளே இறங்கும். கருத்தரிக்காத முட்டைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. மாதக்கணக்கில் குழாயிலேயே கிடக்கும். ஆனால் கரு இறங்கும்போது பழைய செத்த முட்டை ஒன்றிரண்டும் கூடவே நழுவி வருவதுண்டு. கழுவிய நீரில் அந்தச் செத்த முட்டையைப் பார்த்துவிட்டு முட்டை வந்திருக்கிறது, தரிக்கவில்லை என்று தட்டை மூடிவிடுகிறார்கள். அது தப்பு. செத்த முட்டை கண்ணில் பட்டால் உண்மையான கரு பக்கத்தில்தான் இருக்கிறது என்று இன்னும் கவனமாகத் தேட வேண்டும்.

கழுவும் நாள் ஏழு அல்லது எட்டு. இளம் பெட்டைக்கு ஏழு. வயதான பெட்டைக்கும் உறைவிந்துக்கும் கரு தாமதமாக இறங்கும், சின்னதாகவும் இருக்கும், ஆகவே எட்டு. ஒன்பதுக்குப் போனால் கரு பெரிதாகிக் கையாளும்போது நசுங்கும். ஆறரை நாளில் எடுப்பது உறைய வைக்க மட்டும்: 300 மைக்ரானுக்குக் கீழ் உள்ள கருவைத்தான் அப்படியே உறைய வைக்க முடியும். அதன்மேல் வளரும் கண்ணாடி மாதிரியான உறை, காப்புத் திரவத்தை உள்ளே விடாது.

கழுவுவதற்கு வேண்டியது: 28 முதல் 34 அளவுள்ள சிலிக்கான் ஃபோலி வகைக் குழாய், இரண்டு கிளை கொண்ட இணைப்புக் குழாய், 75 மைக்ரான் வடிகட்டிக் கிண்ணம், ரிங்கர் லாக்டேட். இந்தக் கடைசி சாமான் பாளையங்கோட்டை மெடிக்கல் ஷாப்பில் அரை லிட்டர் பாட்டிலாகக் கிடைக்கும். எட்டுப் பாட்டில், நான்கு லிட்டர், ஒரு கழுவலுக்குப் போதும். வெறும் உப்புநீர்ப் பாட்டில் வேண்டாம், அதன் அமிலத்தன்மை கருவுக்கு ஒத்துவராது. பாட்டில்களை 35, 37 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சித்திரையில் நம் ஊர் அறையே பாதி வேலையைச் செய்துவிடும் என்றாலும் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குதிரையின் வாலைக் கட்டி ஒதுக்கி, மலத்தை வெளியேற்றி, பின்புறத்தைச் சாதாரண சோப்பால் மூன்று தடவை கழுவி, சோப்பு சுத்தமாகப் போகும்வரை நீர்விட்டுத் துடைக்க வேண்டும். டெட்டால், அயோடின் வாடை குழாயில் ஒட்டினால் கரு செத்துவிடும். கழுவுகிறவர் கைக்கு ஸ்பிரிட் போட்டுக்கொண்டு வந்து நிற்பதும் அப்படித்தான். குழாய் கருப்பை வாயைத் தாண்டியதும் நுனிப் பலூனில் 60 முதல் 80 மில்லி காற்று ஏற்றிப் பின்னுக்கு இழுத்தால் வாயில் அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு லிட்டர் விட்டு, நிரம்பியதும் திறந்து, வடிகட்டிக்குள் வடிய விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. இரண்டாம் மூன்றாம் முறைகளில் ஆசனவாய் வழியாகக் கருப்பையை மெல்லப் பிசைந்து, நீர் அதன் இரு கிளைகளான கொம்புகளின் நுனிவரை போய் வரச் செய்ய வேண்டும்.

விட்ட நீரில் பத்தில் ஒன்பது பங்காவது திரும்ப வர வேண்டும். அளவுப் பாத்திரத்தில் அளந்து எழுதுங்கள். ஒரு லிட்டர் உள்ளே நின்றுவிட்டால் கருவும் அதோடு நின்றிருக்கலாம். ஆக்சிடோசின் 20 யூனிட் போட்டுக் கருப்பையைச் சுருக்கி மிச்சத்தை வாங்கலாம். வடிகட்டி எந்த நேரமும் காயக் கூடாது. அடியில் 20, 30 மில்லியாவது நிற்க வேண்டும். நீர் வேகமாக விழுந்து நுரைத்தால் கரு நுரையோடு கிண்ணத்தின் விளிம்புக்கு ஏறிப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் பாதிப் பேர் கருவைத் தொலைக்கிறார்கள்.

பிறகு தட்டு. வடிகட்டியில் நின்ற நீரை அடியில் கட்டம் கீறிய வட்டத் தட்டில் ஊற்றி, வடிகட்டியை ஊசிமுனை வழியாக நீர் பீய்ச்சி அலசி அதையும் சேர்த்து, பத்துப் பதினைந்து மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். எட்டு நாள் கரு கண்ணுக்கே புலப்படலாம்: உப்புக்கல்லைவிடச் சின்ன, தட்டைச் சாய்த்தால் உருளும் ஒரு தெளிந்த புள்ளி. மைக்ரோஸ்கோப்பில் அது வட்டமான கண்ணாடிக் குண்டு, விளிம்பில் பளபளவென்று ஓர் உறை, உள்ளே செல்கள் தேன்கூட்டு வரிசையில். செத்த முட்டை வட்டமாக இருக்காது; தட்டையாக, நீள்வட்டமாக, உள்ளே கறுத்துக் குழம்பிக் கிடக்கும். தட்டைச் சாய்த்தால் உருளாமல் வழுக்கும். குப்பைச் செல்கள், காற்றுக் குமிழிகள் எல்லாம் கருவாகத் தோன்றும். குமிழிக்குக் கறுத்த தடித்த விளிம்பு இருக்கும்.

எடுத்த கருவைக் கருவுக்கென்றே விற்கும் வளர்ப்புத் திரவத்தில், ஒரு துளியிலிருந்து அடுத்த துளிக்கு என்று பத்துத் துளி தாண்டிக் கழுவி, கிருமி இருந்தால் குறைத்து, தரம் பார்ப்பார்கள். ஒன்று என்றால் குறையற்றது, நான்கு என்றால் செத்தது. கறுப்பு ரப்பர் முனை கொண்ட சிரிஞ்சு வேண்டாம், அந்த ரப்பர் கருவுக்கு நஞ்சாகலாம். முழுப் பிளாஸ்டிக் சிரிஞ்சு பயன்படுத்துங்கள். கருவைத் துளியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். நேரடி வெயில் படக் கூடாது, மின்விசிறிக்குக் கீழ் தட்டு காய்ந்துவிடும். உடனே வைக்க முடியாவிட்டால் 5 டிகிரியில் 24 மணி நேரம் வரை தாங்கும். கொடுக்கிற குதிரை ஓர் ஊரிலும் சுமக்கிற குதிரை வேறோர் ஊரிலும் இருந்தால் இந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள். குதிரையை லாரியில் ஏற்றுவதைவிடக் கருவைப் பெட்டியில் அனுப்புவது எளிது.

கழுவி முடிந்ததும் கொடுக்கிற பெட்டைக்கு அன்றே புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடுங்கள் (கரு சுரக்கும் இ2 அல்ல, அடுத்த பருவத்தைக் கொண்டுவரும் எஃப்2 ஆல்ஃபா வகை). கண்ணுக்குத் தப்பி உள்ளே ஒரு கரு நின்றிருந்தால், கால் கெட்ட பெட்டையே சினையாகிவிடும். ஊசி போட்டதும் குதிரைக்கு வியர்த்துக் கொட்டும், லேசாக வயிறு வலிக்கும், அரைமணி நேரத்தில் அடங்கும். கர்ப்பமாக இருக்கும் பெண்களும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும்.

சுமக்கிற குதிரைதான் இந்த வேலையில் பாதி. பணம் குறைவாக இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் மிச்சம் பிடியுங்கள், சுமக்கிற குதிரையில் பிடிக்காதீர்கள். ஒரு கொடுக்கிற பெட்டைக்கு இரண்டு மூன்று சுமக்கிற பெட்டைகள் தயாராக நின்றால்தான் ஒன்றாவது நாள் பொருந்தும். கொடுக்கிறவளுக்கு முட்டை வந்த அன்றோ, அதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் பின்போ சுமக்கிறவளுக்கு முட்டை வந்திருக்க வேண்டும். ஒருநாள் முந்தினாலும் சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கரு சற்று வயதானதாகவும் கருப்பை சற்று இளையதாகவும் இருக்கலாம்; கருப்பை கருவைவிட வெகுவாக மூத்துவிட்டால் கரு தன்னைத் தெரிவிக்கும் முன்பே அடுத்த பருவம் தொடங்கிவிடும். சுமக்கிற குதிரைகளுக்கு ஒன்றிரண்டு நாள் தள்ளி புரோஸ்டாகிளாண்டின் போட்டு, 35 மி.மீ. ஆனதும் எச்.சி.ஜி. போட்டு வரிசைப்படுத்துவார்கள். முட்டை வந்து ஐந்து நாள் ஆகாத குதிரைக்குப் புரோஸ்டாகிளாண்டின் வேலை செய்யாது. ஊசி போட்டேன், பருவம் வரவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குதிரைச் சந்தை என்றால் நமக்கு ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைதான். அங்கே வாங்கும் பெட்டையை நேரே லாயத்தில் கட்டாதீர்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தச் சோதனை செய்து, பதில் வரும்வரை தனியே வையுங்கள். மனிதரையும் கொல்லும் நோய் அது, 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டியது. தாமிரபரணிக் கரையோரம் ஈ கடிக்கிற இடங்களில், ஈ பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோயான சர்ராவுக்கும் ரத்தம் பாருங்கள். சர்ரா வந்த குதிரை இளைத்து, சினையையும் உதிர்க்கும்.

வைக்கும் நாளில் ஸ்கேனில் கருப்பைக்குள் நீரில்லை, சூலகத்தில் மஞ்சள் உடலம் (முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் திசு) தெளிவாக இருக்கிறது, கருப்பை தொட்டால் விறைத்த குழாய் மாதிரி இருக்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது என்று நான்கையும் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த பெட்டைக்குப் போங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். ஃபுளூனிக்ஸின் என்ற வலி, அழற்சி மருந்தைக் கிலோவுக்கு 1.1 மி.கி. கொடுத்து, லேசாக மயக்கி, கருவைக் குழாயில் இப்படி ஏற்றுவார்கள்: திரவம், காற்று, கருவோடு திரவம், காற்று, திரவம். குழாய்க்கு மேல் ஒரு கிருமி நீக்கிய உறை. பிறப்புறுப்பில் அழுக்கு ஒட்டாமல் கருப்பை வாய்வரை போய், அங்கே உறையைக் கிழித்து, இறுகிய வாய்க்குள் நுழைத்து, கருப்பையின் உடல் பகுதியில் மெல்லத் தள்ள வேண்டும். கொம்புக்குள் வைக்க வேண்டியதில்லை. குதிரைக் கரு 16 நாள் வரை கருப்பை முழுக்க உருண்டு திரியும், தனக்கான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வாயைத் துழாவித் துழாவித் திறந்தால் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து மஞ்சள் உடலம் கரைந்துவிடும். ஒரு நிமிஷத்துக்குள் முடியவில்லை என்றால் கைமாற்றுவது மேல்.

வைத்த பிறகு சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் கொடுப்பதில் நம் பக்கம் ஒரு தப்பு வழக்கம். மாட்டுக்குக் கருச்சிதைவு தடுக்கப் போடும் ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் கேப்ரோயேட் ஊசியையே குதிரைக்கும் போட்டுவிடுகிறார்கள். குதிரையின் சினையை அது காப்பதில்லை. போட்டும் போடாததும் ஒன்றுதான். குதிரைக்கு வேலை செய்வது புரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை மருந்தான ஆல்ட்ரினோஜெஸ்ட், கிலோவுக்கு 0.044 மி.கி. தினமும் வாயில், அல்லது எண்ணெயில் கரைத்த புரோஜெஸ்டிரோன் 150 மி.கி. தினமும் தசையில். சுமக்கிறவளின் சொந்த மஞ்சள் உடலம் நன்றாக இருந்தால் இது எதுவும் தேவைப்படாது. நாள் சரியாகப் பொருந்திய பெட்டைக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

கருவின் வயது 14 நாளில் முதல் ஸ்கேன், கறுத்த வட்டமாக 15 மி.மீ. அளவில் தெரியும். 25, 28 நாளில் இதயத்துடிப்பு. பிறகு 45, 60. முப்பத்தைந்து நாளுக்குமேல் கரு கரைந்தால், கருப்பையில் ஏற்கெனவே முளைத்த கிண்ணத் திசுக்கள் ஹார்மோன் சுரப்பதை நிறுத்தாது. அந்தப் பெட்டை மூன்று மாதத்துக்கு மேல் ஒழுங்கான பருவத்துக்கு வராது. ஆகவே 30 நாளுக்குள் இதயத்துடிப்பு தெரியாத கருவை முடிவு செய்து விடுங்கள். தள்ளிப் போட்டால் நல்ல சுமக்கும் பெட்டை ஒன்று அந்த வருஷத்துக்கு முடங்கிவிடும்.

பருவகாலம் பற்றி. வடக்கே குளிர்காலத்தில் பெட்டைகள் ஓய்ந்துவிடும். விளக்கு வைத்துப் பகலை 16 மணி நேரமாக நீட்டுவார்கள். நமக்கு நெடும் பகலுக்கும் குறும் பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். தீனி சரியாக இருந்தால் வருஷம் முழுக்கப் பருவம் ஓடும். நமக்கு எதிரி வெயில். வெயிலில் வேலை வாங்கிய பெட்டையிடம் கருவும் குறையும், தரமும் குறையும். மார்கழி கழிந்து தையில் தொடங்கி மாசிக்குள் முதல் மூன்று சுற்றை முடிக்கப் பாருங்கள். பதினொரு மாதம் கழித்துக் குட்டி விழும்போதும் மழை ஓய்ந்து, பச்சை இருக்கும், வெக்கை இருக்காது. அக்கினி நட்சத்திரத்தில் கழுவ உட்காராதீர்கள்.

தீனிதான் கடைசிச் சிக்கல், பழைய சிக்கலும்கூட. தாமிரபரணி கடலில் சேருமிடத்துக் காயல் துறைமுகத்தில் பாண்டியர்கள் கப்பல் கப்பலாக அரபுக் குதிரை இறக்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இந்த நாட்டில் நல்ல பெட்டையும் நல்ல ஆணும் சேர்ந்தாலும் கால் கோணிய சோப்ளாங்கிக் குட்டிதான் பிறக்கிறது, குதிரைக்கு இங்கே அரிசிச் சோறு போடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். தீனி மட்டுமே காரணம் என்று சாதிக்க மாட்டேன், ஆனால் கணக்கு ஒத்துப்போகிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்கு வேண்டியது சுண்ணாம்பு சமமாகவோ இரண்டு பங்காகவோ. இன்றைக்கு அதே தப்பைக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வழியாகச் செய்கிறோம். மாட்டுக்கு அருமையான புல். குதிரைக்கோ அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைக் கட்டிப் போட்டுவிடும்; அதையே முழுத் தீனியாகப் போட்டால் முகம் வீங்கும், கால் நொண்டும், வயிற்றுக் குட்டிக்கு எலும்பு சேராது. கொழுக்கட்டைப் புல்லும் அந்த ரகம். புல்லில் பாதியாவது குதிரைமசால் போடுங்கள், பேரே சொல்கிறதே. கூடவே மருத்துவரைக் கேட்டுச் சுண்ணாம்புச் சத்துப் பொடி. தவிட்டைக் குறையுங்கள்.

சினைக்காலம் 340 நாளுக்கு முன்பின். சுமக்கிறவளுக்கு முட்டை வந்த நாளிலிருந்தல்ல, கொடுத்தவளின் பூஜ்ய நாளிலிருந்து எண்ணுங்கள். குட்டிக்குச் சீம்பால் வழியாகப் போகும் நோய் எதிர்ப்பு சுமக்கிறவளுடையது. ஆகவே ஈனுவதற்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு முன் டெட்டனஸ் தடுப்பூசி அவளுக்குத்தான். மார்வாரிப் பெட்டைக்கு ஊசி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்து குட்டியை இழந்தால் பழி யார்மீதும் போட முடியாது.

வம்சப் பதிவு வேண்டுமென்றால் கருவை எடுக்கும் முன்பே இனச் சங்கத்தில் கேளுங்கள். பந்தயத் தரோபிரெட் இனத்தில் நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டி மட்டுமே பதிவாகும். கரு மாற்றக் குட்டிக்கு இடமே கிடையாது. மற்ற இனங்களுக்கு டி.என்.ஏ. சான்று கேட்பார்கள். மார்வாரிப் பெட்டை உயிரோடிருக்கும்போதே அதன் பிடரிமயிரில் முப்பது நாற்பது இழையை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். ஆண் குதிரையினுடையதும் குட்டியினுடையதும் அதேபோல. சுமந்தவளின் மயிரையும் தனி உறையில் எடுத்து வையுங்கள், இரண்டு பெட்டைகளும் ஒரே நிறமாக இருந்தால் பின்னால் பேச்சு வரும்.